வளர்ப்பு என்ற சொல்லைப் பற்றி

தமிழில் நாய் வளர்க்கிறோம், மீன் வளர்க்கிறோம், ரோஜாச் செடி வளர்க்கிறோம், மீசையும் வளர்க்கிறோம். பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போதும் அதே வினைதான். சிறுபத்திரிகை வட்டாரத்தில் இளங்கவிஞர்களை 'வளர்த்துவிட்டதாக'ச் சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. தானாக நடக்கிற ஒரு காரியத்தை இன்னொருவர் செய்கிற காரியமாக மாற்றிவிடுகிற இந்தப் பிறவினை நம்மிடையே எவ்வளவு சகஜமாகப் புழங்குகிறது என்பதை நான் பல வருஷங்கள் யோசித்ததில்லை. ஒரு எட்டுக்கால் பூச்சி ஏழு மாதம் என் வீட்டில் இருந்ததும், பிறகு அது என் தவறால் செத்ததும்தான் இந்த யோசனையைக் கிளப்பின. செத்தது பூச்சிதானே என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பதில் இல்லை. அந்தக் கேள்வியை நானே பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் ஆறுதல் தருகிறது. அதனாலேயே அதன்மேல் சந்தேகமும் வருகிறது.

முதலில் விவரங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஒரு வங்கிக் கிளையில் நான் கிளார்க்காக இருந்தபோது, இரும்பு உருட்டாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த ஓர் இளைஞர் பழக்கமானார். ஐ.டி.ஐ. படித்தவர். நாலு பேர் ஷிப்ட் முறையில் படுத்து எழுந்திருக்கிற ஒரு அறையில், தன் பெட்டிக்கு மேல், கைக்கடக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அவர் ஒரு டரான்டுலாவை வைத்திருந்தார். டரான்டுலா என்றதும் உள்ளங்கை அளவுக்கு விரிந்த ரோமக் கால்கள் நினைவுக்கு வரும். இது அந்தக் குடும்பத்திலேயே குள்ள ஜாதி. சிரியோகாஸ்மஸ் எலிகன்ஸ் என்று பெயர். காலை விரித்து நின்றாலும் சுமார் இரண்டு அங்குலம்தான். ட்ரினிடாட் தீவும் வெனிசுலாவும் அதன் பூர்வீகம். 1845 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்காக இந்தியக் கூலிகளைக் கப்பலேற்றிக்கொண்டுபோன அதே ட்ரினிடாட். கல்கத்தாவிலிருந்து போனவர்களே அதிகம் என்றாலும் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அங்கே போன மனிதர்களுக்கு ஒப்பந்தப் பத்திரம் இருந்தது. அங்கிருந்து வந்த இந்தப் பூச்சிக்கு என்ன பத்திரம் இருந்தது என்று நான் கேட்கவில்லை. ஐந்நூறு ரூபாய்க் கணக்குக்குக்கூட ஆதாரும் முகவரிச் சான்றும் கேட்டு வாங்குவதே என் உத்தியோகம். இதை மட்டும் கேட்கவில்லை.

2023 டிசம்பரில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. ஊருக்குப் போய் மூன்று மாதத்தில் திரும்பிவிடுவதாகச் சொன்னார். அறைத் தோழர்கள் பூச்சியோடு இருக்கத் தயாராக இல்லை. சாப்பாட்டுப் பையில் டப்பாவை வைத்துப் பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸில் திருவள்ளூருக்கு என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். முழங்கையை நீட்டி, யாரும் அந்தப் பையை இடித்துவிடாதபடி நின்றுகொண்டே போனது ஞாபகம் இருக்கிறது. அந்தப் பயணத்திலேயே அது எனக்கு 'என்னுடையது' ஆகிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. தேங்காய் நார்க்கழிவைப் பிழிந்து டப்பாவில் நிரப்ப வேண்டும். பக்கவாட்டில் காய்ச்சிய ஊசியால் துளைகள். ஒரு மரப்பட்டைத் துண்டு. குடிக்கத் தண்ணீர், சோடா பாட்டில் மூடியில். மண்ணின் ஒரு மூலை ஈரமாகவும் மற்றது காய்ந்தும் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு சிள்வண்டு போதும். அதுவும் பூச்சியின் வயிற்றைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. தின்னாமல் விட்டதை மறுநாள் காலைக்குள் எடுத்துவிட வேண்டும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் டப்பாவை ஈர மணல் பரப்பிய தட்டில், தரையில், சுவரோரமாக வைத்தேன். கையில் எடுத்துப் பழக்கக்கூடாது. முழ உயரத்திலிருந்து விழுந்தாலும் அதன் வயிறு வெடித்துவிடும். கடி பெரிய ஆபத்தில்லை. தென்னமெரிக்க வகைகளின் விஷம் மனிதனுக்கு வலி தருவதோடு சரி. இதையெல்லாம் அந்த இளைஞர் ஒரு நோட்டுப் புத்தகத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். கடைசி வரி: 'ஒண்ணும் செய்யாம இருந்தாலே போதும் சார்.' அந்த வரியை நான் அடக்கத்தின் வெளிப்பாடு என்று எடுத்துக்கொண்டேன். அது விதிகளிலேயே முக்கியமான விதி என்று புரிய ஏழு மாதம் ஆயிற்று.

*

பிப்ரவரியில் வீட்டுப் பின்கட்டில் சாரைப் பாம்பு புகுந்துவிட்டது. பிடிக்க வந்த இருளர் பெரியவர் பாம்பைப் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தபடி நின்றவர், சுவரோரம் இருந்த டப்பாவைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு வளை எங்க சார்? மண்ணு பத்தாதே" என்றார். மறுநாளே மண்ணை மூன்று விரல் உயரத்துக்கு ஏற்றினேன். இரண்டு நாளில் அது தனக்கு ஒரு வளை தோண்டி வாயில் நூல் கட்டிக்கொண்டது. போகும்போது அவர் கேட்ட இரண்டாவது கேள்விக்குத்தான் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. "இத வச்சி என்னா பண்ணுவீங்க?"

பாம்பு பிடிக்கிறவர்களுக்குப் பாம்போடு ஒரு காரியம் இருக்கிறது. 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் பாம்புகளிலிருந்து விஷம் எடுத்து, விஷமுறிவு மருந்துக்குக் கொடுத்துவிட்டு, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறது. அங்கே வைத்திருப்பதற்கு ஒரு நோக்கமும் ஒரு கெடுவும் இருக்கின்றன. ஆடு, மாடு, கோழிக்கும் காரியம் உண்டு. நாய்க்குக் காரியம் இல்லையென்றாலும் பரிமாற்றம் உண்டு: நாம் அதைப் பார்க்கிறோம், அது நம்மைப் பார்க்கிறது. கிளியிடம்கூட நாம் நம் சொல்லையே திரும்பக் கேட்கிறோம். டரான்டுலாவுக்கு எட்டுக் கண்கள். ஆனால் வெளிச்சம், நிழல் என்பதற்கு மேல் அதற்கு அதிகம் தெரிவதில்லை. அதன் உலகம் அதிர்வுகளால் ஆனது. காலிலுள்ள ரோமங்களின் வழியாகத்தான் அது எல்லாவற்றையும் அறிகிறது. என் வீடு ரயில் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ராத்திரி கூட்ஸ் வண்டி போகும்போது வளை வாயில் நீட்டியிருக்கிற காலை உள்ளே இழுத்துக்கொள்ளும். வண்டி போய்க் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப நீட்டும். ஏழு மாதத்தில் அது ரயிலை அறிந்திருந்தது. என்னை அறிந்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. நான் மூடி திறக்கிற அதிர்வு மட்டுமே.

பெரியவரின் கேள்விக்கு மூன்று பதில்கள் சாத்தியம் என்று அந்த நாட்களில் யோசித்து வைத்தேன்.

ஒன்று, அழகு. அது அழகாயிருந்தது, உண்மை. செம்பு நிற முதுகும், கறுத்த வயிற்றில் ஆரஞ்சு வரிகளும். ஆனால் பகலில் அது வெளியே வருவதே இல்லை. வாரத்தில் நாலைந்து தடவை டார்ச் வெளிச்சத்தில் ஒரு கால் நுனியைப் பார்ப்பதற்காகவா ஒரு ஜீவனைத் தீவிலிருந்து பிரிப்பது? அழகுதான் காரணம் என்றால் புகைப்படம் இதைவிடத் திருப்தியாக இருக்கும்.

இரண்டு, அறிவு. இதையும் முழுக்க ஒப்புக்கொள்ள முடியவில்லை. தாமஸ் நேகல் 1974-ல் வௌவாலை வைத்து எழுதிய கட்டுரையை இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் சிலராவது அறிந்திருப்பார்கள். நான் வௌவாலாக இருந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யலாம். வௌவாலுக்கு வௌவாலாக இருப்பது எப்படி இருக்கிறது என்பதற்கு நம் கற்பனையில் வழியில்லை என்பது அவர் வாதம். வௌவாலாவது பாலூட்டி, குட்டிக்குப் பால் கொடுக்கிறது. இங்கே அந்த உறவும் இல்லை. டப்பாவுக்கு முன் உட்கார்ந்து நான் அறிந்துகொண்டது பெரும்பாலும் என் பொறுமையின் அளவைத்தான்.

மூன்று, அதிகாரம். ஆலையில் தன் நேரம் தன் கையில் இல்லாத ஒருவன் அறையில் ஒரு டப்பா அளவு ராஜ்யத்துக்கு அதிபதியாக இருக்கிறான் என்று சொல்லிவிடலாம். பத்துக்குப் பத்து அறையும் ஆறு அங்குல டப்பாவும் ஒன்றுக்கொன்று உவமை என்றும் எழுதலாம். நம்மில் பலர் உடனே எழுதிவிடக்கூடிய உவமைதான் இது. எனக்கு இதில் நம்பிக்கையில்லை. அறையில் இருக்கிற மனிதர் இருட்டினால் வெளியே போய் டீ குடிப்பார், சம்பளம் குறைந்தால் சண்டை போடுவார், வேறு ஊருக்குப் போவார். அவரைப் பூச்சிக்கு உவமையாக்குவது பரிவு மாதிரித் தோன்றுகிற அலட்சியம். அந்த இளைஞரிடமே ஒருமுறை ஏன் இதை வைத்திருக்கிறீர்கள் தம்பி என்று கேட்டிருக்கிறேன். "ரூம்ல எல்லாருக்கும் எங்கிட்டேர்ந்து ஏதாவது வேணும் சார். வீட்லயும் அப்படித்தான். இதுக்கு எங்கிட்ட ஒண்ணும் வேணாம்" என்றார். இது அதிகாரத்தின் பேச்சாக எனக்குப் படவில்லை. தன்னிடம் எதையும் கோராத ஒன்றின் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருக்கிற ஓய்வு. அந்த ஓய்வுக்கு விலையாக அந்த ஜீவன் டப்பாவில் இருக்க வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம். அதை அவரும் அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன்.

*

தனிப்பட்ட உறவை விட்டு, இந்தப் பூச்சிகள் நம்மிடம் எப்படி வந்து சேர்கின்றன என்று பார்த்தால் பிரச்னை இன்னும் கடினமாகிறது.

2021 ஜூலையில் சென்னை வெளிநாட்டு அஞ்சல் அலுவலகத்தில் போலந்திலிருந்து வந்த ஒரு பார்சலைச் சுங்கத் துறையினர் பிரித்தார்கள். அருப்புக்கோட்டை முகவரி. உள்ளே தெர்மாகோல் பெட்டி. அதில் வெள்ளித் தாளும் பஞ்சும் சுற்றிய 107 சிறு பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் உயிரோடு ஒரு சிலந்தி. வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவினரும் விலங்கியல் ஆய்வுத் துறை விஞ்ஞானிகளும் பார்த்து, மத்திய, தென் அமெரிக்காவையும் மெக்ஸிகோவையும் சேர்ந்த டரான்டுலாக்கள் என்று கருதினார்கள். அவற்றில் பிராக்கிபெல்மா இனம், அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருப்பது. இறக்குமதி உரிமமோ சுகாதாரச் சான்றோ இல்லை. 1962-ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின்படி பறிமுதல் செய்து, வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பும்படி அஞ்சல் துறையிடம் ஒப்படைத்தார்கள்.

அதிகாரிகள் செய்ததில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்நிய ஜீவராசிகள் தப்பிப் பெருகினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஏரிகளில் ஆகாயத்தாமரையே சாட்சி. தடை வேண்டியதுதான். ஆனால் அந்த 107 குப்பிகளின் நிலையை யோசித்துப் பாருங்கள். அனுப்பியவருக்கு அவை சரக்கு, பெறவிருந்தவருக்கு ஆசை, சட்டத்துக்கு ஆவணமில்லாத பொருள். திருப்பி அனுப்புவது என்ற சொல்லுக்கு அவற்றைப் பொறுத்தவரை அர்த்தமே இல்லை. மெக்ஸிகோவின் பூச்சி போலந்தில் என்னத்துக்குத் திரும்பும்? எந்த இடமும் அவற்றின் இடமாக இல்லை. அந்தச் சங்கிலியில் இருந்த ஒவ்வொருவரும் தத்தம் காரியத்தைச் செய்தார்கள். அவற்றைக் காக்கிற பொறுப்பு மட்டும் யாருடைய காரியமாகவும் இல்லை.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு கதை. திருவள்ளூர் ஸ்டேஷன் வழியாகப் போகிற பம்பாய் மார்க்கத்தில் அரக்கோணம், ரேணிகுண்டா, கடப்பை தாண்டினால் குத்தி வரும். அப்போது சென்னை ராஜதானியில் இருந்த ஊர். அங்கே ரயில்வே மரக் கிடங்கில் கிடைத்த நீல நிறச் சிலந்தி ஒன்றை 1899-ல் ஆங்கிலேய விலங்கியலாளர் போக்காக் விவரித்து, பொயிசிலோதீரியா மெட்டாலிகா என்று பெயர் வைத்தார். பிறகு ஒரு நூற்றாண்டு அதைப் பற்றிப் பேச்சில்லை. 2001-ல்தான் அதன் உண்மையான இருப்பிடம் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காடு என்று தெரிந்தது. குத்திக்கு அது மரக்கட்டைகளோடு ரயிலில் வந்திருக்க வேண்டும். நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த, வெட்டிச் சிதைந்த அந்தக் காட்டுப் பகுதியே அதன் முழு உலகம். 2008-ல் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று அறிவிக்கப்பட்டது. ராமேஸ்வரத்தில் ஒரு கோயிலை ஒட்டிய தோப்பில் கண்டு 2004-ல் பெயரிடப்பட்ட அதன் உறவுச் சிலந்திக்கும் அதே வருஷம் அதே முத்திரை. 2019-ல் இந்த வகை முழுவதையும் சைட்டிஸ் பட்டியலில் சேர்த்தார்கள்.

ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டப்பாக்களில் இந்த நீலச் சிலந்தி முட்டையிட்டு, பெருகி, சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கிறது. வைத்திருப்பவர்கள் சொல்வார்கள்: காடு போனாலும் இனம் எங்களிடம் பிழைத்திருக்கிறது. இந்த வாதத்தை எளிதாகத் தள்ள முடியாது. ஆயினும் என்ன பிழைத்திருக்கிறது என்று கேட்க வேண்டும். மரப்பொந்து, மழைக்காலம், பொந்தைக் கண்டுபிடித்து அலைந்து வருகிற ஆண், அந்த ஆணைத் தின்ன வருகிற பல்லி என்று எல்லாவற்றுக்கும் நடுவில்தான் அது அந்தப் பூச்சியாக இருந்தது. இந்த உறவுகளிலிருந்து உருவியெடுத்த நீல நிறத்தை இனம் என்று சொல்லலாமா? வழக்கொழிந்த மொழியின் அகராதியைப் பத்திரமாக வைத்திருப்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அகராதி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அகராதியைக் காட்டி மொழி பிழைத்துவிட்டது என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பதும் கவனிக்கத் தக்கது. பிரிட்டனில் 2022-ல் வந்த விலங்கு உணர்வுச் சட்டம் நண்டையும் கணவாயையும்கூட உணர்வுள்ள ஜீவன்களாக ஏற்கிறது. சிலந்தி அதில் இல்லை. நம் 1960-ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடைச் சட்டமோ, விலங்கு என்றால் மனிதன் நீங்கலான எந்த உயிரும் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. வரையறையின்படி என் டப்பாவில் இருந்ததும் விலங்கு. 2024 பிப்ரவரியில் அயல் உயிரினங்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று விதிகள் வந்தன. சைட்டிஸ் பட்டியலில் உள்ளவற்றுக்குத்தான் அது. எங்கள் குள்ளப் பூச்சி அதில் வராது. பட்டியலைப் பார்த்து நான் நிம்மதியடைந்தது நினைவிருக்கிறது. எதற்காக அந்த நிம்மதி? பட்டியலில் இல்லாததால் அது வந்த விதம் சரியாகிவிட்டதா? கேட்காமல் விட்ட கேள்விக்குப் படிவமே பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்வது என் உத்தியோகத்தின் வியாதி.

*

மார்ச்சில் ஒரு காலை அது மல்லாந்து கிடந்தது. செத்துவிட்டது என்று பதறி அந்த இளைஞருக்குப் போன் செய்தேன். "தொடாதீங்க சார். செத்தா குப்புறக் கெடந்து கால உள்ள மடக்கிக்கும். மல்லாந்து கெடந்தா தோல் உரிக்குதுன்னு அர்த்தம்" என்றார். லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதுகோடு ஒரு மூடிபோலத் திறந்தது. பிறகு மணிக்கணக்கில், ஒவ்வொரு காலாக, ஈரத் துணியிலிருந்து கையை உருவுவதுபோல உருவிக்கொண்டு வந்தது. தோல் என்று சொல்கிறோம். வாயின் உட்புறமும் இரைப்பையின் உட்சுவரும்கூட அதோடு உரிந்து வருகின்றன. புதிய பற்கள் வெள்ளையாக இருந்தன. சில நாட்களில் அவை சிவந்து கறுத்தன. அதுவரை அதனால் எதையும் கடிக்க முடியாது. அதைக் கடிக்க வருகிறதையும் தடுக்க முடியாது. டரான்டுலா வளர்வது இப்படி மட்டும்தான். அதில் எனக்கு வேலையே இல்லை. உதவி செய்ய விரல் நீட்டினால் கால் ஒடியும். வளர்ப்பு என்ற சொல் அன்றைக்கு எனக்குக் கூச்சமாகிவிட்டது.

ஜூலையில் மறுபடி தீனியை நிறுத்தியது. வயிறு கறுத்தது. வளை வாயை நூலும் மண்ணும் வைத்து அடைத்துக்கொண்டது. இவையெல்லாம் அறிகுறிகள் என்று எனக்குத் தெரியும். இரண்டு வாரம் பொறுத்தேன். மூன்றாவது வாரம், பட்டினி கிடக்கிறதே என்ற எண்ணம் வந்துவிட்டது. கொளத்தூரில் அலங்கார மீன்களுக்கு உயிர்த்தீனி விற்கும் கடையில் வாங்கி வந்த சிள்வண்டுகளில் இரண்டை உள்ளே விட்டேன். காலையில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சாயங்காலம் வந்து பார்த்தபோது அடைப்பு பிரிந்திருந்தது. அது பாதி உரித்த நிலையில் மல்லாந்திருந்தது. சிள்வண்டுகள் அதன் வயிற்றை மென்றிருந்தன.

இது அறியாமையால் நேர்ந்ததல்ல என்பதுதான் நான் திரும்பத் திரும்ப வந்து முட்டிக்கொள்கிற இடம். தாளில் எழுதியிருந்தது. மார்ச்சில் கண்ணால் பார்த்திருந்தேன். இருந்தும் ஏன் தீனி போட்டேன்? ஒன்றும் செய்யாமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. பசித்திருந்தது பூச்சியல்ல, ஏதாவது செய்ய வேண்டும் என்ற என் ஆசைதான். அந்த ஆசைக்குத் தீனி போட்டேன், பூச்சி அதற்குப் பலியானது. மயிலுக்குக் குளிரும் என்று போர்வையைக் கழற்றிக் கொடுத்த பேகனை நம் மரபு கொடைமடம் என்று சிலாகிக்கிறது. மடம் என்ற சொல்லை அங்கே நாம் செல்லமாகத்தான் உச்சரிக்கிறோம். போர்வைக்குள் மயில் என்ன ஆயிற்று என்று கேட்டவர்கள் உண்டா? கொடுத்தவனின் மனம் எவ்வளவு பெரிது என்பதோடு கதை முடிந்துவிடுகிறது.

இன்னொரு கதையில் மரபு இதைவிடக் கண் திறந்து பார்த்திருக்கிறது. திருவானைக்காவில் சிவலிங்கத்தின்மேல் சருகு விழாமல் இருக்கச் சிலந்தி ஒன்று மேலே வலை கட்டுகிறது. லிங்கத்துக்கு நீராட்ட வருகிற யானை அந்த வலையை அழுக்கு என்று நினைத்துப் பிய்த்தெறிகிறது. சிலந்தி கோபித்து யானையின் துதிக்கைக்குள் புகுந்து கடிக்கிறது; இரண்டும் சாகின்றன. சிலந்தி மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாகி, யானை நுழைய முடியாத மாடக்கோயில்களாகக் கட்டியது என்பார்கள். எங்களுக்குப் பக்கத்துக் காளத்தியிலும் சிலந்தி, பாம்பு, யானை மூன்றும் பூசித்த கதை உண்டு. ஊரின் பெயரே அந்த மூன்றால் ஆனது. பக்திக் கதையாக இதை எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இப்போது இதில் படுவது வேறு. யானையும் சிலந்தியும் இருவருமே உண்மையான பரிவு உள்ளவர்கள். ஒருவரின் பணிவிடை இன்னொருவருக்கு அசுத்தம். நடுவில் இருந்தவரோ தனக்கு நிழல் வேண்டுமா நீர் வேண்டுமா என்று கடைசிவரை சொல்லவில்லை. பரிவு இருந்தால் போதும் என்று நம்புகிறவர்களுக்கு இந்தக் கதை ஒரு பதில்.

*

அப்படியானால் காத்தல் என்பது என்ன? தமிழில் காத்தலும் காத்திருத்தலும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. ஒன்றில் காவல் இருக்கிறது, மற்றதில் பொறுமை. பெரும்பாலான உறவுகளில் நாம் முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறோம். டப்பாவில் இருந்த அந்தப் பூச்சியைப் பொறுத்தவரை முதலாவது ஒரு நாளில் முடிந்துவிடுகிற வேலை: மண், தண்ணீர், மூடி. மீதி அத்தனையும் இரண்டாவதுதான். தன்னை அறியாத, தனக்கு நன்றி சொல்லாத, தன்னிடம் எதுவும் கேட்காத ஒன்றின் பக்கத்தில், அதன் காரியம் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. இதை எனக்குச் செய்யத் தெரியவில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை எழும். ஒன்றும் செய்யாமலிருப்பதே உயர்ந்த பராமரிப்பு என்றால், அதைப் பிடிக்காமலே, வாங்காமலே இருப்பதுதானே எல்லாவற்றிலும் உயர்ந்த பராமரிப்பு? ஆம். இந்த வாதத்திலிருந்து தப்ப எனக்கு வழி தெரியவில்லை. கொண்டுவருவது ஒரு செயல். வந்துவிட்டதை வைத்துப் பார்த்துக்கொள்வது வேறு செயல். இரண்டாவதற்கு என்னால் நியாயம் சொல்ல முடியும். வந்துவிட்டதை வெளியே விட்டால் அது இந்த மண்ணில் சாகும், அல்லது சாகாமல் இந்த மண்ணுக்கு ஆகாததாகும். யாராவது அதன் பக்கத்தில் இருக்கத்தான் வேண்டும். முதலாவதற்கு என்னிடம் நியாயம் இல்லை. சிக்கல் என்னவென்றால், வாங்குகிற ஒவ்வொருவனும் இரண்டாவதன் நியாயத்தைத்தான் முதலாவதற்குக் காட்டுகிறான். எப்படியோ வந்துவிட்டது, இனி நான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். நல்ல பராமரிப்பு பெருகப் பெருகக் குப்பிகளும் பெருகும். அந்த இளைஞரிடமிருந்து டப்பாவை வாங்கிக்கொண்டபோது நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டேன். என் பொறுப்புணர்ச்சி உண்மையானதாக இருந்தது என்பதால் அந்தச் சங்கிலியில் நான் ஒரு கண்ணி இல்லை என்று ஆகிவிடாது.

ஆகஸ்டில் அவர் திரும்பி வந்தார், வேறு ஆலைக்கு. போனில் சொல்ல மனம் வராமல் நேரில் சொன்னேன், நடந்ததை நடந்தபடி. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வெயில் அதிகம் இல்ல சார் இந்த வருஷம்? அதுவும் ஒரு காரணமாயிருக்கும்" என்றார். என்னைத் தேற்றுவதற்காக என்று இருவருக்குமே தெரியும். சிள்வண்டுகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மார்ச்சில் உரித்த தோலைப் பஞ்சில் வைத்திருந்தேன். அதை வாங்கிப் பூதக்கண்ணாடியில் வயிற்றுப் பக்கத்தைப் பார்த்தார். தோலின் உட்புறத்தை வைத்துத்தான் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியும். "பொண்ணு சார்" என்றார். ஆண் கடைசித் தோலை உரித்தபின் சில மாதங்களில் அலைந்து செத்துவிடும். பெண்ணென்றால் இன்னும் பல வருஷங்கள் உரித்து உரித்து வாழ்ந்திருக்கும்.

டப்பாவை அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. மண் காய்ந்து கிடக்கிறது. இன்னொன்று வாங்கப்போகிறாரா என்று கேட்க நினைத்தேன். அவர் ஆமென்று சொல்லியிருந்தால், பார்த்துக்கொள்ள எனக்குத்தான் இப்போது அனுபவம் இருக்கிறதே என்று நான் சொல்லியிருப்பேன். அதனால் கேட்கவில்லை.